புள்ளி இல்லாத சிறுத்தை

மூன்றாம் ஷிப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்த என் கணவர், பையைக்கூடக் கீழே வைக்காமல் போனை என்னிடம் நீட்டினார்.

"இத்த பாரு. கம்பெனி குரூப்ல வந்துகீது. சிறுத்தையாம்."

அவர் ஒரகடத்தில் ஓர் உதிரிபாக ஆலையில் லைனில் நிற்பவர். அந்த ஆலையின் பின்பக்கக் கேமராவில் பதிவான காட்சி அது. விடிந்தும் விடியாத வெளிச்சம். பஸ்கள் நிற்கும் இடத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு விலங்கு நிதானமாக நடந்து வருகிறது, நிற்கிறது, திரும்பிப் பார்க்கிறது, மழைநீர்க் கால்வாய்க்குள் இறங்கி மறைகிறது. அவ்வளவுதான் படம். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் 'ஒரகடத்தில் சிறுத்தை, உஷார், அனைவருக்கும் பகிரவும்' என்று எவரோ எழுதிச் சேர்த்திருந்தார்.

"நம்ம ஏரிப் பூனைதானே இது?" என்றேன்.

"அதான் நானும் சொன்னேன். எவன் கேக்கறான்? ஆளாளுக்கு அனுப்பிகினு கீறானுங்க. பஸ்ஸு கேட்டுக்கு உள்ளார வந்தாத்தான் ஏறுவோம்னு சூப்பர்வைசராண்ட போயி நிக்கறானுங்க."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நானும் சிரித்தேன். அன்றைக்கு அது சிரிப்பதற்குரிய விஷயமாகத்தான் இருந்தது.

அந்தப் பூனையை நாங்கள் இருவரும் பலமுறை பார்த்திருக்கிறோம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பெரிய சாலைக்குப் போக ஏரிக்கரைதான் குறுக்குவழி. கரையின் உட்பக்கம் சம்பும் நாணலும் ஆள் உயரத்துக்கு அடர்ந்து நிற்கும். மழை ஓய்ந்த காலைகளில் ஸ்கூட்டியில் போகும்போது அது கரைமேல் உட்கார்ந்து உடம்பை நக்கிக்கொண்டிருக்கும். வீட்டுப் பூனையைவிடப் பெரிது. நீண்ட கால்கள், குட்டையான வால், வால் நுனியில் கறுப்பு வளையங்கள். உடம்பெல்லாம் காய்ந்த வைக்கோலின் நிறம். ஒரு புள்ளிகூடக் கிடையாது. வண்டிச் சத்தம் நெருங்கினால் அவசரப்படாமல் எழுந்து நாணலுக்குள் போய்விடும். எலியும் கானாங்கோழிக் குஞ்சுகளும் அதற்கு உணவு. அது யாரையாவது பிறாண்டியதாகவோ, எவர் வீட்டுக் கோழியையாவது பிடித்ததாகவோ ஊரில் ஒரு பேச்சும் இருந்ததில்லை. ஏரிப் பூனை என்பார்கள். காட்டுப்பூனை என்பது அதன் புத்தகப் பெயர்.

நான் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். படப்பை முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை என் எல்லை. கன்டெய்னர் லாரி மோதியதா, ஆலை உணவகச் சாப்பாட்டில் பல்லி விழுந்ததா, ஒப்பந்தத் தொழிலாளர்கள் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்களா, மாதா கோயில் தேரா, அம்மன் கோயில் கூழா, எல்லாவற்றையும் நான்தான் அனுப்ப வேண்டும். அனுப்புவேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் உயிருள்ள மற்ற ஜீவன்கள் எங்கள் பத்திரிகைக்குள் நுழைவதற்கு ஒரே ஒரு வாசல்தான் உண்டு என்பதை இத்தனை வருடங்களில் கவனித்திருக்கிறேன். குற்றவாளியாகத்தான் நுழைய முடியும். குடியிருப்புக்குள் புகுந்த பாம்பு. குரங்குகள் அட்டகாசம். மாடு முட்டி முதியவர் காயம். மர்ம விலங்கு கடித்து ஆடுகள் சாவு. ஒரு குளத்தில் தவளைச் சத்தம் நின்றுபோனால் அது செய்தி ஆகாது. நத்தைக்குத்தி நாரைகள் ஒரு வயலுக்கு வருவதை நிறுத்தினால் அது செய்தி ஆகாது. இல்லாமல் போனதைப் படம் பிடிக்க முடியாதே. "போட்டோ இருக்காம்மா?" என்பதுதான் அலுவலகத்தில் செய்தி மேசையில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி. வராத நாரையை நான் எப்படிப் படம் எடுப்பேன்?

இதனால்தான் அன்று காலை எனக்குள் ஓர் ஆசை வந்தது. நல்ல தெளிவான காட்சி கையில் இருக்கிறது. இதை வைத்து அந்தப் பூனையைப் பற்றியும் அது குடியிருக்கும் நாணல் காட்டைப் பற்றியும் நாலு வரி எழுதிவிடலாம் என்று நினைத்தேன். நாணல் காடு ஏற்கெனவே ஒரு பக்கம் சுருங்கிக்கொண்டு வந்தது. கரையை ஒட்டிப் புதிதாகக் கல் நட்ட மனைப்பிரிவுக்கு வழி வேண்டும் என்று ஏரிக்குள் லாரி லாரியாக மண் கொட்டியிருந்தார்கள். பூனை ஆலைச் சுவர் வரை வந்ததற்கு அதுதான் காரணம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

எங்கள் பகுதி வனவருக்குப் போன் செய்தேன். அவர் தெற்கத்திக்காரர், நிதானமாகப் பேசுவார்.

"பாத்துட்டேம்மா. எனக்கே காலையிலேர்ந்து ஏகப்பட்ட பேர் அனுப்பிட்டாவ. காட்டுப்பூனைதான். சந்தேகமே கிடையாது. சிறுத்தைன்னா மேல்ல புள்ளி இருக்கணும், வால் தரையைத் தொடணும். நான் சொன்னதாவே போடுங்க."

அப்படியே எழுதினேன். 'ஆலை வளாகத்துக்குள் வந்தது காட்டுப்பூனை: வனத்துறை விளக்கம்' என்று தலைப்பும் நானே போட்டு, மண் கொட்டியதையும் சேர்த்து, நண்பகலுக்குள் அனுப்பிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் காஞ்சிபுரம் அலுவலகத்திலிருந்து போன். எங்கள் மாவட்டப் பக்கத்தைக் கவனிக்கும் உதவி ஆசிரியர்.

"டி.வி. பாத்தீங்களாம்மா?"

"இல்லீங்க சார்."

"எல்லா சேனல்லயும் சிறுத்தைன்னு ஓடுது. நீங்க பூனைன்னு அனுப்பியிருக்கீங்க."

"அது பூனைதான் சார். வனவரே சொல்லியிருக்காரு. வீடியோவுல தெளிவா தெரியுதே."

"எனக்கும் தெரியுதும்மா. பூனைதான். இல்லேன்னு சொல்லல. ஆனா பூனைன்னு தலைப்பு போட்டா யார் படிப்பாங்க, சொல்லுங்க."

இந்தப் பேச்சை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். பெரும்பாலோர், அவருக்கு விலங்குகளைப் பற்றித் தெரியாது போலிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். தெரியாமல் நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. தெரிந்துதான் நடந்தது.

மறுநாள் பத்திரிகையில் 'ஒரகடத்தில் சிறுத்தை நடமாட்டமா? தொழிலாளர்கள் பீதி' என்று நான்கு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. பக்கத்தில் ஒரு சிறுத்தையின் படம், வாயைத் திறந்து பல்லைக் காட்டிக்கொண்டு. அது எந்தக் காட்டுச் சிறுத்தையோ, எந்த வருடத்துப் படமோ. வனவர் சொன்னது கடைசி வரியில் இருந்தது: 'எனினும் அது காட்டுப்பூனையாக இருக்கலாம் என்றும் கூறப்படுகிறது.' சந்தேகமே கிடையாது என்று பெயரும் பதவியும் சேர்த்துச் சொன்ன ஒரு மனிதரைக் 'கூறப்படுகிறது' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு மூடிவிட்டார்கள். மண் கொட்டிய விஷயம் ஒரு வரிகூட இல்லை.

தமிழில் ஒரு சொல்லின் வாலில் 'ஆ' சேர்த்துவிட்டால் அது கேள்வியாகிவிடுகிறது. சிறுத்தை நடமாட்டம் என்று எழுதினால் பொய். நடமாட்டமா என்று எழுதினால் பொய் இல்லை. அந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம்.

அன்று முற்பகல் ஒரு தொலைக்காட்சி நிருபர் ஏரிக்கரைக்கு வந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். என்னை அக்கா என்று கூப்பிடுவார். செய்தி சேகரிக்கும் இடங்களில் அடிக்கடி சந்தித்துக்கொள்வோம். நான் போனபோது, கரைமேல் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மைக்கை நீட்டிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு. மகன் ஆலைக்குப் போகிறான், மருமகளும் போகிறாள். இவர் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆடு வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம்.

"இந்தப் பக்கம் வர்றதுக்குப் பயமா இல்லீங்களாம்மா?"

"எனக்கு இன்னாத்துக்கு பயம்? பூனைதானே அது. நாளிக்கும் பாத்துகினுதான் கீறேன். இந்த நாயிங்க கீது பாரு, கறிக்கடைக் கழிவத் தின்னுட்டு கூட்டமா திரியுதே, அது வந்தா பயம். அதான் குட்டிய கவ்விகினு பூடும்."

"சரிம்மா. சிறுத்தை வந்தா என்ன பண்ணுவீங்க?"

"சிறுத்தை இன்னாத்துக்குப்பா இங்க வரப்போவுது? கம்பெனில வேல கேக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிருபரும் சிரித்தார். நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். இப்படி ஒருவர் தொலைக்காட்சியில் பேசிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன்.

மாலைச் செய்தியில் அந்த அம்மாவின் முகம் வந்தது. பின்னணியில் திகில் படத்து இசை. திரையின் அடியில் 'கதறும் கிராம மக்கள்' என்று எழுத்து. அந்த அம்மா சொன்னார்: "அது வந்தா பயம்." படம் ஒரு குலுங்கு குலுங்கியது. "குட்டிய கவ்விகினு பூடும்." அதோடு முடிந்தது. அடுத்து கேமராக் காட்சி, பூனையைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

நிருபருக்குப் போன் செய்தேன்.

"நீங்க நின்னு கேட்டீங்கல்ல? நாயைப் பத்தித்தானே அவங்க சொன்னாங்க?"

"நான் ஃபுல்லாத்தான்கா அனுப்பினேன். சத்தியமா. வெட்டுறது அங்க. எங்கிட்ட யாரும் கேக்க மாட்டாங்க."

"சிறுத்தைன்னு இன்னும் ஓட்டினு இருக்காங்களே. நீங்க சொல்லலாமில்ல, அது பூனைன்னு."

"சொன்னேன்கா. ரெண்டு நாள் ஓடட்டும்னாங்க."

ரெண்டு நாள் ஓடட்டும். அது ஓடிய நாட்களில் எங்கள் ஊரில் என்னவெல்லாம் நடந்தது என்று அந்தக் குளிர்பதன அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பள்ளிக்கூட வேன் ஏரிக்கரை வழியாக வராது என்று சொல்லிவிட்டது. ஆலைகளில் தனியாக நடந்து போகாதீர்கள் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். வாடகைக்குத் தங்கியிருந்த வடமாநிலப் பையன்கள் ஆறு பேர், எட்டு பேர் என்று கூட்டமாகத் தடி வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வாயைத் திறந்த சிறுத்தையின் படம் எல்லா மொழிக்காரர்களுக்கும் புரிந்தது. முந்தின வாரம் வரை ஏரிப் பூனை என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்களே, "பூனைன்னு நீ எப்பிடி சொல்ற? டி.வி.ல அத்தினி பேரு சொல்றானுங்க" என்று என்னிடம் கேட்டார்கள். கண்ணால் பார்த்துப் பழகிய ஒரு பிராணியைப் பற்றி, திரையில் பார்த்ததைத்தான் அவர்கள் நம்பினார்கள். அதுதான் எனக்கு மிகவும் அச்சமாக இருந்தது.

அந்த அம்மா தொலைக்காட்சியில் வந்த மறுநாள், பங்குனி வெயிலில் நாணலுக்குத் தீ வைத்தார்கள்.

யார் வைத்தது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை. பாதுகாப்புக்காக வைத்தோம் என்று ஒருவர் சொன்னார், தானாகப் பற்றிக்கொண்டது என்று இன்னொருவர் சொன்னார். தீ அணைந்த உடனே, எரிந்த இடத்தைச் சமப்படுத்த ஒரு ஜே.சி.பி. வந்து நின்றது மட்டும் உண்மை. அதை யார் வரச்சொன்னார்கள் என்று டிரைவரிடம் கேட்டேன். முதலாளி போகச் சொன்னார், வந்தேன் என்றார். எந்த முதலாளி என்று கேட்டதற்கு இன்ஜினை முடுக்கிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பூனையை ஏற்கெனவே அடித்துக் கொன்றிருந்தார்கள். புகையிலிருந்து வெளியே ஓடிவந்ததைத் தடிகளோடு காத்திருந்த கூட்டம் கரைமேல் மடக்கியிருக்கிறது. ஒரு சவுக்குக் கழியில் பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தொங்கும்போது இன்னும் சிறிதாகத் தெரிந்தது. ஒருவர் என்னைப் பார்த்து, "வா வா, எடுத்துக்கோ, உங்க பேப்பருக்கு" என்று கழியைத் தூக்கிப் பிடித்தார்.

"புள்ளி எங்க?" என்று கேட்டேன்.

"இன்னா புள்ளி?"

"சிறுத்தைன்னுதானே அடிச்சீங்க. புள்ளி எங்கன்னு காட்டுங்க."

அவர் கழியைக் கீழே இறக்கினார்.

வனவர் ஜீப்பில் வந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. அவர் பூனையை அவிழ்த்துத் தரையில் கிடத்தி, மெல்லப் புரட்டினார். வயிற்றுப் பக்கம் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் குந்தியபடியே இருந்தார்.

"பால் கொடுத்துட்டு இருந்திருக்கு" என்றார்.

நாங்கள் தேடினோம். அவரும் நானும், அதற்குள் ஆட்டை ஓட்டிக்கொண்டு அங்கே வந்துவிட்ட அந்த அம்மாவும். கருகிய சம்புத் தண்டுகள் காலைக் குத்தின, சூடான சாம்பல் செருப்புக்குள் போயிற்று. கானாங்கோழிக் கூடுகள் கிடைத்தன, வெடித்த முட்டைகளோடு. நீலத் தாழைக்கோழி ஒன்று இறகு பொசுங்கிப் பறக்க முடியாமல் தண்ணீர் ஓரத்தில் நின்றது. இரண்டு சாரைப்பாம்புகள் கரிக்கட்டையாகக் கிடந்தன. பூனைக் குட்டிகள் எங்கேயும் அகப்படவில்லை. இருந்த இடத்தில் ஜே.சி.பி. ஏறியிருக்கலாம், தாய் முன்பே வேறு இடத்துக்குக் கவ்விக்கொண்டு போயிருக்கலாம். வனவர் இரண்டாவதைச் சொன்னார். எங்களுக்காகச் சொன்னார் என்றே எனக்குப் பட்டது.

அந்த அம்மா தேடுவதை நிறுத்திவிட்டுக் கரைமேல் உட்கார்ந்தார். பிறகு என்னிடம், "நான் சொன்னதாலதான் அடிச்சாங்களாம். என் மருமவ சொல்றா. ஊரே சொல்லுது, நீதானே டி.வி.ல பயமா கீதுன்னு சொன்னேன்னு" என்றார்.

"நீங்க அப்பிடிச் சொல்லலக்கா. நான் பக்கத்துலதானே நின்னேன்."

"நீ நின்ன. அத்த ஊருக்கு யாரு சொல்றது?"

எழுதினேன். ஒன்றையும் விடாமல் எழுதினேன். சட்டம் பாதுகாக்கும் விலங்கு அது, அதைக் கொன்றது குற்றம். சிறுத்தை என்று பரவிய தவறான செய்தியே காரணம். நாணல் எரிந்ததில் கூடுகள் அழிந்தன. எரிந்த இடத்தில் உடனே ஜே.சி.பி. வந்தது. வனவரின் பேச்சு, தாயாக இருந்த விஷயம், படங்கள், எல்லாம்.

மறுநாள் வந்தது: 'பீதியைக் கிளப்பிய மர்ம விலங்கு பிடிபட்டது: பொதுமக்கள் நிம்மதி.'

பிடிபட்டதாம். கொன்றார்கள் என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டார்கள். மர்மம் எங்கே இருந்தது? அதற்கு ஒரு பெயர் இருந்தது, ஊர் வைத்த பெயர் ஒன்று, புத்தகப் பெயர் ஒன்று. செத்து, தரையில் கிடத்தி, வனத்துறை அதிகாரி பார்த்துச் சொன்ன பிறகும் எங்கள் பத்திரிகைக்கு அது மர்ம விலங்காகவே இருந்தது. பூனை என்று இப்போது எழுதினால் முந்தாநாள் எழுதியது பொய் என்று ஆகிவிடும் அல்லவா? தொலைக்காட்சியில் அதுவும் இல்லை. அவர்கள் அதற்குள் ஒரு நடிகரின் திருமணத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்றே பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போனேன். உதவி ஆசிரியரின் மேசைக்கு முன்னால் நின்றேன். உட்காரச் சொன்னார், டீ சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. என் தகப்பனார் இறந்தபோது பிள்ளைப்பாக்கம் வரை வந்து போனவர். அதனாலேயே எனக்கு வார்த்தைகள் தடுமாறின. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருப்பேன்.

"நிம்மதின்னு போட்டிருக்கீங்களே சார். யாருக்கு நிம்மதி?"

"பயம் போச்சில்லம்மா. மக்களுக்குத்தான்."

"பயத்தைக் குடுத்தது நாமதானே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாம போடலேன்னா மட்டும் பரவாம இருந்திருக்குமா? வாட்ஸ்அப்புல வந்துட்டுதானே நமக்கு வந்துச்சு?"

"வாட்ஸ்அப்புல வந்ததை ஜனங்க பேப்பர்ல வந்துருக்கான்னுதான் சார் பாப்பாங்க. வந்தா உண்மைன்னு நினைப்பாங்க. நாம பூனைன்னு போட்டிருந்தா அந்தப் பூனை இன்னிக்கு இருந்திருக்கும்."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "சுற்றுச்சூழல் தினத்துக்கு இணைப்பு போடறோம். நீங்க ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்களேன். முழுப் பக்கம் தர்றேன்" என்றார். அதைச் சமாதானமாகத்தான் சொன்னார்.

இடையில் மே தினக் கிராம சபை வந்தது. கூட்டத்தில் அந்த அம்மா எழுந்து நின்றார். சாக்கடை, தெரு விளக்கு என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"நான் டி.வி.ல பூனைய பாத்து பயம்னு சொல்லல. நாயப் பாத்து பயம்னு சொன்னேன். அத்த வெட்டி ஒட்டிட்டானுங்க. இத்த எல்லாரும் கேட்டுக்கோங்க. அப்புறம் அந்த ஏரில மண்ணு கொட்டறது யாரு? அது மட்டும் ஏன் டி.வி.ல வரல?"

ஒருவர், "அதுக்கும் இதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?" என்றார்.

"சம்பந்தம் இல்லன்னா நீ எழுந்து சொல்லு, கொட்டினது யாருன்னு."

பெண்கள் பக்கமிருந்து கைதட்டல் வந்தது. ஏரிக்குள் மண் கொட்டுவதைத் தடுக்கக் கோரித் தீர்மானம் நிறைவேறியது. அதைச் செய்தியாக அனுப்பினேன், அந்த அம்மாவின் பேச்சை ஓர் எழுத்து விடாமல் வைத்து. 'அடிப்படை வசதிகள் கோரிக் கிராம சபையில் தீர்மானம்' என்று நான்கு வரி வந்தது. அந்த அம்மாவுக்கு நானே போய்ச் சொன்னேன்.

"இதையும் வெட்டிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆட்டுக்குத் தழை போடத் திரும்பினார்.

சுற்றுச்சூழல் தின இணைப்பு ஜூனில் வந்தது. என் கட்டுரைக்கு முழுப் பக்கம் கொடுத்திருந்தார்கள், அதில் அவர் வாக்குத் தவறவில்லை. 'இயற்கையைக் காப்போம்' என்று தலைப்பு. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு செடி முளைத்த படம். நான் எழுதிய பூனை, 'பல்வேறு வனவிலங்குகள்' ஆகியிருந்தது. ஏரியில் மண் கொட்டுகிறார்கள் என்ற வரி, 'மனிதனின் பேராசையால் நீர்நிலைகள் அழிந்து வருகின்றன' ஆகியிருந்தது. எதிர்ப்பக்கம் முழுதும் ஒரு மனைப்பிரிவு விளம்பரம். ஏரிக்காற்று வீசும் வீட்டு மனைகள் என்று போட்டிருந்தது.

அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அன்று பட்ட ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. கல்லூரியில் தமிழ் படித்தவள் நான். தன்வினை, பிறவினை என்று படித்துத் தேர்வெழுதினேன். அழிந்தன என்றால் ஒன்று. அழித்தனர் என்றால் வேறு. நடுவில் மாறுவது ஓர் எழுத்துத்தான், ஆனால் அழித்தனர் என்று எழுதியவுடன் யார் என்று ஒரு கேள்வி வந்து நிற்கும். அழிந்தன என்று எழுதிவிட்டால் யாரும் வரவேண்டியதில்லை. சிட்டுக்குருவிகள் அழிந்து வருகின்றன, தும்பிகள் குறைந்து வருகின்றன, ஏரிகள் மறைந்து வருகின்றன. ஏதோ அவைகளாகவே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிப் போவதைப் போல. மனிதனின் பேராசையாம். எந்த மனிதன்? ஆடு மேய்க்கும் அந்த அம்மாவா? மூன்றாம் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் என் வீட்டுக்காரரா? எல்லோர் தலையிலும் சமமாகப் பழியைப் பங்கு வைத்தால், கொட்டியவனுக்கு அதில் ஒரு துளிதான் வரும்.

"வேலைய வுட்டுடு" என்றார் என் கணவர். "இப்பிடி வயிறெரிஞ்சிகினு எதுக்கு?"

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, நான் விட்டால் என் இடத்துக்கு வருபவர் பாம்பு புகுந்த செய்தியைப் பாம்பு புகுந்த செய்தியாகவே அனுப்புவார் என்று தோன்றியது. விடவில்லை. அதற்குப் பதிலாகச் சில பிடிவாதங்களை வைத்துக்கொண்டேன். எந்தப் பிராணியைப் பற்றி எழுதினாலும் அதன் பெயர் முதல் வரியிலேயே வருகிற மாதிரி எழுதுவேன், வெட்டினால் செய்தியே நிற்காது. பீதி என்ற சொல்லை நான் எழுதுவதில்லை. பழைய படம் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தால், நானே படம் எடுத்து அனுப்பும் வரை செய்தியைப் பிடித்து வைப்பேன். அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. இருக்கட்டும்.

பூனையைக் கொன்ற வழக்கு அடையாளம் தெரியாத நபர்கள் மேல் பதிவாகியிருக்கிறது. கழியைத் தூக்கிப் பிடித்தவரின் முகம் ஊரில் பாதிப் பேர் போனில் இருக்கிறது. வனவர் படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிறகு அவருக்கு மாறுதல் வந்துவிட்டது. மண் கொட்டுவது கிராம சபைக்குப் பிறகு சில வாரம் நின்று, மறுபடி தொடங்கியது. இப்போது பகலில் கொட்டுவதில்லை.

சென்ற மார்கழியில் உதவி ஆசிரியர் போன் செய்தார். "ஏரிங்கள்ல வெளிநாட்டுப் பறவைங்க சீசன்ம்மா. உங்க ஏரில ஒரு படம் எடுத்து அனுப்புங்க. வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன, பொதுமக்கள் மகிழ்ச்சின்னு போட்டுடலாம்."

போய்ப் பார்த்தேன். மழை நன்றாகப் பெய்து ஏரி நிறைந்திருந்தது. நடுவில் ஒரு சிறு கூட்டம் வாத்துகள், ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உள்ளான்கள். மற்றபடி வெறும் தண்ணீர். இறங்கி ஒதுங்க நாணல் இல்லாத ஏரியில் அவை எங்கே தங்கும்? வந்திருந்ததைப் படமெடுத்து, 'வெளிநாட்டுப் பறவைகள் வரத்துக் குறைந்தது: நாணல் எரிக்கப்பட்டதே காரணம்' என்று எழுதி அனுப்பினேன்.

போன் வந்தது.

"குவிந்தனன்னு கேட்டேனேம்மா."

"குவியல சார்."

"சரி, வந்தனன்னு போட்டுடலாமா?"

"குறைவாத்தான் சார் வந்துச்சு. அப்பிடிப் போடறதா இருந்தா போடுங்க. இல்லேன்னா வேணாம்."

"ஒரு வார்த்தைக்கு இவ்ளோ பிடிவாதமா?"

"ஆமா சார்" என்றேன்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார். மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அதே செய்தியைத் தேதி மட்டும் மாற்றி மறுபடி அனுப்பினேன். அதற்குப் பிறகும் அனுப்பினேன். பொங்கலுக்கு முந்தின வாரம், உள்பக்கத்தில், கண்ணீர் அஞ்சலிகளுக்கு மேலே, படம் இல்லாமல் வந்தது. தலைப்பில் 'குறைந்தது' என்று இருந்தது. 'எரிக்கப்பட்டதே காரணம்' இல்லை. இந்த வருடம் அதை வரவைக்க வேண்டும்.